திட்டத்தைக் கடைசியிலிருந்து எழுதுங்கள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் தினமும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். நான் ஆசிரியரும் இல்லை, கல்வி ஆலோசகரும் இல்லை. அக்கா மகன் விஷயத்தில் ஒருமுறை சூடுபட்டு, அதற்குப் பிறகு விவரங்களைச் சேர்த்து வைத்துக்கொண்ட ஆள், அவ்வளவுதான். வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "தம்பி, பிள்ளையை எந்த குரூப்பில் போடலாம்?" பிள்ளை பக்கத்தில் போனைப் பார்த்தபடி நிற்கும். நான் திருப்பிக் கேட்பேன்: "ரெண்டு வருஷம் கழித்து ஆகஸ்ட் மாதம் இவள் எங்கே உட்கார்ந்திருக்கணும்?" அதற்குப் பெரும்பாலும் பதில் வராது. பதில் வராததில் தப்பில்லை, பதினைந்து வயதில் எனக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளாமல் குரூப் எடுத்துவிட்டால், எடுத்த குரூப்புக்குள் எது கிடைக்கிறதோ அதுதான் படிப்பு என்று ஆகிவிடுகிறது.

கல்லூரிக்கும் வேலைக்கும் பிள்ளைகளைத் தயார்செய்வது என்று கேட்டால் பெரிய விஷயமாகத் தெரியும். பிரித்துப் பார்த்தால் இரண்டே வேலைதான். போய்ச் சேரவேண்டிய இடத்திலிருந்து பின்னோக்கி நாள் குறித்துக்கொண்டு வருவது ஒன்று. போகிற வழியில் அவ்வப்போது தேர்வு எழுதிப் பார்த்து, எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வது இன்னொன்று. நம் வீடுகளில் முதல் வேலையைச் செய்வதே இல்லை. இரண்டாவதை அளவுக்கு மீறிச் செய்கிறோம், ஆனால் அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்வதில்லை.

அக்கா மகன் கதையைச் சொல்லிவிடுகிறேன். மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம், "மாமா, நான் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேரப்போறேன்" என்றான். நல்ல ஆசை, திருச்சியிலேயே ஒன்று இருக்கிறது. சரி, விண்ணப்பம் எப்போது என்று தேடினால், அதற்கான கிளாட் நுழைவுத் தேர்வு முந்தின டிசம்பரிலேயே நடந்து முடிந்திருந்தது, பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கே மூன்று மாதம் முன்னால்! ரிசல்ட் வந்த பிறகு யோசிக்கலாம் என்று நாங்கள் எல்லோரும் நல்ல எண்ணத்தில் சொல்லி வைத்திருந்தோம், அவன் மார்க்குக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் கதவு சாத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது. மாநில அரசின் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கிறார்கள் என்பதால் வருஷம் வீணாகாமல் தப்பித்தோம்.

அதனால்தான் கடைசியிலிருந்து எழுதச் சொல்கிறேன். பழைய மாதக் காலண்டர் தாள் ஒன்றின் வெள்ளைப் பக்கம் போதும். வலது ஓரத்தில், கடைசியாக, கல்லூரி முதல் நாள் என்று எழுதுங்கள். அதிலிருந்து இடப்பக்கமாக நகருங்கள். அதற்கு முந்தைய வாரங்களில் பொறியியல் கவுன்சலிங். மே மாதத்தில் பிளஸ் டூ ரிசல்ட், கவுன்சலிங் பதிவு, அதே மாதத் தொடக்கத்தில் நீட். ஏப்ரலில் ஜே.இ.இ. மெயின் (என்.ஐ.டி. போன்ற மத்திய அரசுப் பொறியியல் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு) இரண்டாம் சுற்று, மார்ச்சில் பொதுத்தேர்வு, பிப்ரவரியில் பிராக்டிகல், ஜனவரியில் ஜே.இ.இ. முதல் சுற்று, டிசம்பரில் கிளாட். ஜனவரி ஜே.இ.இ.க்கு விண்ணப்பிப்பது அக்டோபர், நவம்பரில். நாட்கள் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் முன்னே பின்னே நகரும், வரிசை பெரிதாக மாறாது. எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் ஒன்று புரியும்: பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்கு முடிவெடுக்கிற மாதம் மே இல்லை, அக்டோபர். அக்டோபரில் முடிவெடுக்க வேண்டுமானால் பிளஸ் ஒன் முடிகிற சமயத்திலேயே விசாரித்திருக்க வேண்டும். இன்னும் இடப்பக்கம் போனால் தாளின் முதல் கட்டத்தில் நிற்பது குரூப்.

குரூப் எடுப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், திரும்பி வருவது கஷ்டம் என்பதால். கணக்கு இல்லாத பியூர் சயின்ஸ் எடுத்த பிள்ளைக்கு பொறியியல், ஆர்க்கிடெக்சர் இரண்டும் கைநழுவிப் போகின்றன. உயிரியல் இல்லாமல் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்துவிட்டு, பிளஸ் டூ பாதியில் டாக்டர் ஆசை வந்தால் அது பெரிய சுற்றுவழி. எதுவும் முடிவாகாத பிள்ளைக்கு பயோ-மேத்ஸ் நிறைய வழிகளைத் திறந்து வைத்திருக்கும், உண்மைதான். ஆனால் அதை எல்லோருக்கும் மருந்துபோல எழுதிக் கொடுக்கிறார்களே, அதில் எனக்கு உடன்பாடில்லை. கணக்கும் உயிரியலும் சேர்ந்த பாரத்தைத் தூக்க முடியாமல் இரண்டிலும் 60 வாங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். காமர்ஸ் எடுத்தால் சந்தோஷமாகப் படித்து, ஆடிட்டர் படிப்புக்கான முதல் தேர்வான சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதியிருக்கக்கூடிய பிள்ளைகள் அவர்கள். இன்னொன்று, உயிரியல் எடுத்தால் நீட் ஒன்றுதான் வழி என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். கால்நடை மருத்துவம், வேளாண்மை, பி.பார்ம். எல்லாம் இங்கே பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே கவுன்சலிங் நடக்கிற படிப்புகள்.

இந்தக் கட்டத்தில் பணம் சம்பந்தப்பட்ட ஒரு பொறியும் இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் படிப்புச் செலவை அரசே ஏற்கிறது. பத்தாவதில் நல்ல மார்க் வாங்கிய அரசுப் பள்ளிப் பிள்ளையை, "இனிமேல்தான் முக்கியம்" என்று கடன் வாங்கித் தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்க்கிறார்கள் பாருங்கள், அன்றைக்கே அந்த ஒதுக்கீடு போய்விடுகிறது. தெரிந்து செய்தால் அது அவர்கள் முடிவு. டி.சி. வாங்கிய பிறகு தெரிந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது தேர்வுப் பக்கம் வருவோம். மூன்று சொற்கள் புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்: கட்-ஆஃப், பர்சன்டைல், மாக் டெஸ்ட்.

தமிழ்நாட்டில் பொறியியலுக்கு ஒரு காலத்தில் தனி நுழைவுத் தேர்வு இருந்தது, 1984-இல் வந்தது. 2007-இலிருந்து அது இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். ஆனால் மொத்தம் 600-க்கு எவ்வளவு என்பதைப் பார்ப்பதில்லை. கணக்கு 100-ஐ அப்படியே எடுத்துக்கொண்டு, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி கூட்டி 200-க்குக் கணக்கிடுவதுதான் கட்-ஆஃப். ஒரு பெண் கணக்கில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 90 எடுத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 92, 44, 45, ஆக 181. பக்கத்து பெஞ்சுப் பையன் கணக்கில் 85, இயற்பியலில் 95, வேதியியலில் 97. கூட்டிப் பார்த்தால் 85, 47.5, 48.5, அவனுக்கும் 181. மூன்று பாடத்தையும் சேர்த்தால் அவன் ஏழு மார்க் அதிகம், ஆனால் கட்-ஆஃப் ஒன்றே. இப்படிச் சமமாக வந்தால் முதலில் பார்ப்பது கணக்கு மதிப்பெண் என்பதால், ரேங்க் பட்டியலில் அந்தப் பெண் அவனுக்கு முன்னால் இருப்பாள்.

இதை வெறும் தகவலாக விட்டுவிடாமல் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். ஒரு கணக்கு மார்க் இரண்டு வேதியியல் மார்க்குக்குச் சமம். பொதுத்தேர்வுக்கு முன்னால் பத்து நாள் மிச்சமிருந்தால், ஏற்கெனவே 95 வருகிற வேதியியலில் உட்கார்ந்து 98 ஆக்குவதைவிட, கணக்கில் விட்டுப்போன ஒரு ஐந்து மார்க் கேள்வியைப் பிடிப்பது லாபம். நடுத்தரக் கட்-ஆஃப் இருக்கிற பகுதியில் அரை மார்க் குறைந்தால் நூற்றுக்கணக்கான ரேங்க் பின்னால் போய்விடும், அவ்வளவு கூட்டம் அங்கே. அதற்காகத் தமிழையும் ஆங்கிலத்தையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடாதீர்கள். என்.ஐ.டி.யில் சேர பொதுப்பிரிவினருக்குப் பிளஸ் டூவில் 75 சதவீதமோ, அந்த போர்டில் முதல் 20 பர்சன்டைலுக்குள்ளோ இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அங்கே மொழிப்பாட மார்க்கையும் பார்ப்பார்கள்.

பர்சன்டைல் என்றால் சதவீதம் என்று நினைத்துக்கொண்டு, ஜே.இ.இ.யில் 80 பர்சன்டைல் வாங்கிய பிள்ளைக்குத் தெருவே லட்டு கொடுத்ததும் நடந்திருக்கிறது. நாற்பது பேர் இருக்கிற வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளுக்கு மேலே இரண்டு பேர்தான் மார்க் எடுத்திருக்கிறார்கள் என்றால், அவளையும் சேர்த்து 38 பேர் அவள் மார்க்கிலோ அதற்குக் கீழேயோ இருக்கிறார்கள். 38-ஐ 40-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 95. அதுதான் பர்சன்டைல். அவள் வாங்கிய மார்க் 300-க்கு 90 ஆகவும் இருக்கலாம், 200 ஆகவும் இருக்கலாம், அது வேறு விஷயம். இப்போது நாற்பதுக்குப் பதில் பத்து லட்சம் பேர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 80 பர்சன்டைல் என்றால் முன்னால் இரண்டு லட்சம் பேர் நிற்கிறார்கள். ஜே.இ.இ. மெயின் ஒரே நாளில் முடிவதில்லை, பல நாட்களில் காலை, மாலை என்று வேறு வேறு கேள்வித்தாள்களில் நடக்கிறது. ஒரு தாள் சுலபமாகவும் இன்னொன்று கடினமாகவும் அமைந்துவிடும் என்பதால்தான் மார்க்கை நேராக ஒப்பிடாமல், உன்னோடு அதே தாளை எழுதியவர்களில் நீ எங்கே நிற்கிறாய் என்று இப்படிக் கணக்கிடுகிறார்கள்.

மாக் டெஸ்ட் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி போன வருஷம் வாரத்துக்கு இரண்டு நீட் மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் முடிந்ததும் மார்க்கைப் பார்ப்பாள், முகம் வாடும், அடுத்ததுக்குப் படிக்க ஆரம்பித்துவிடுவாள். 430-ஐச் சுற்றியே பல வாரம் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய விடைத்தாளையும் கேள்வித்தாளையும் வாங்கி இரண்டு பேரும் உட்கார்ந்து பிரித்தோம். நீட்டில் 180 கேள்வி, சரியானதுக்கு 4, தவறுக்கு ஒன்று கழியும், மொத்தம் 720. அவள் தொட்டது 170, சரி 120, தப்பு 50. அந்த ஐம்பதை மூன்றாகப் பிரித்தோம். பாடமே படிக்காதது 18. படித்தது, ஆனால் இரண்டு விடைக்கு நடுவே குழம்பியது 21. நன்றாகத் தெரிந்திருந்தும் போனது 11. அந்தப் பதினொன்றில் நிறைய ஒரே ரகம்: "தவறான கூற்று எது" என்று கேட்டிருக்கும், இவள் சரியான கூற்றைத் தேடிக் குறித்துவிட்டு வந்திருப்பாள். ஒரு கேள்விக்கு 4 போய், அபராதம் 1 போய், ஐந்து ஐந்தாகப் பதினொரு கேள்விக்கு 55 மார்க். புதிதாக ஒரு பாடமும் படிக்காமல் 430 எங்கே, 485 எங்கே!

மூன்று வகைத் தப்புக்கும் மருந்து வேறு வேறு. படிக்காததற்குப் படிக்க வேண்டும். குழம்பியதற்கு அந்த இரண்டு விஷயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். தெரிந்தே விட்டதற்கு எவ்வளவு படித்தாலும் தீராது, கேள்வியில் இருக்கிற "தவறான", "அல்லாதது" போன்ற சொற்களைப் பேனாவால் வட்டமிடுகிற பழக்கம்தான் வேண்டும். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம், பத்து ரூபாய்க்குக் கிடைப்பதே போதும். தப்பான கேள்வி, எந்த வகை, ஏன் என்று ஒரு வரி. மாக் டெஸ்ட் எழுத மூன்று மணி நேரம் என்றால் இந்த நோட்டுக்கும் மூன்று மணி நேரம் ஒதுக்கச் சொல்வேன். வாரத்துக்கு இரண்டு தேர்வு எழுதுவதைவிட ஒன்று எழுதி அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பது நல்லது என்பது என் கட்சி.

அப்புறம், "தெரியாததைத் தொடவே கூடாது" என்று எல்லோரும் மிரட்டுகிறார்கள், அது கணக்குப்படி சரியில்லை. நான்கு விடைகளில் ஒன்று என்கிற நான்கு கேள்விகளைக் கண்ணை மூடிக் குறித்தால் சராசரியாக ஒன்று சரியாகும், நான்கு வரும், மற்ற மூன்றுக்கு மூன்று போகும், ஒன்று மிஞ்சும். ஒரு விடையை நிச்சயமாகத் தள்ள முடிந்தால் இன்னும் கொஞ்சம் லாபம். தெரியாத கேள்வியோடு மல்லுக்கட்டி நேரத்தைத் தொலைப்பதில்தான் நஷ்டம் இருக்கிறது.

பிள்ளைக்கு எதில் ஆர்வம் என்று கண்டுபிடிக்கிற தேர்வுகள் வேறு ரகம். ஜான் ஹாலண்ட் என்கிற அமெரிக்க உளவியலாளர், மனிதர்களின் வேலை விருப்பத்தை ஆறு வகையாகப் பிரித்தார்: கையால் செய்வது, ஆராய்வது, கலை, பிறருக்கு உதவுவது, பேசி வேலை வாங்குவது, ஒழுங்காகக் கணக்கு வைப்பது என்று தோராயமாகச் சொல்லலாம். இப்போது பள்ளிகளில் கொடுக்கிற நிறையக் கேள்வித்தாள்கள் அந்த வழியில் வந்தவைதான். பேச்சை ஆரம்பிக்க நல்ல சாக்கு. அதற்கு மேல் நம்ப வேண்டாம், பதினைந்து வயதுப் பிள்ளை அந்த வாரம் எந்த வாத்தியாரிடம் திட்டு வாங்கியது என்பதைப் பொறுத்தும் விடை மாறும். விரல் ரேகையை ஸ்கேன் செய்து மூளைத்திறன் சொல்கிறோம் என்று ஆயிரக்கணக்கில் கேட்கிறவர்களைப் பற்றி மட்டும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன்: அதற்கு அறிவியல் அடிப்படை எதுவும் கிடையாது. அந்தக் காசில் பிள்ளையை ஒரு நாள் பஸ் ஏற்றி, அது ஆசைப்படுகிற வேலையில் இருக்கிற சொந்தக்காரர் யாராவது ஒருவரோடு உட்கார வைத்துவிட்டு வாருங்கள்.

பிளஸ் டூ வழிதான் எல்லோருக்கும் என்றும் இல்லை. பத்தாவது முடித்து பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் டிப்ளமோ படித்துவிட்டு, நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேருகிற வழி இருக்கிறது. ஐ.டி.ஐ.யும் இருக்கிறது. மெஷினைப் பார்த்தால் கண் மலர்கிற, பாடப்புத்தகத்தைப் பார்த்தால் தூங்குகிற பையனுக்கு அதுதான் நல்ல வழி என்று நான் சொன்னால் சில அப்பாக்களுக்குக் கோபம் வருகிறது. சொல்வதை நிறுத்தவில்லை.

காலண்டர் தாளில் தேர்வுகளோடு சான்றிதழ்களையும் எழுத வேண்டும், இதுதான் கடைசி நேரத்தில் ஆளை அலைய வைப்பது. மாநில கவுன்சலிங்குக்குச் சாதிச் சான்றிதழும், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழும் முக்கியம். ஆனால் என்.ஐ.டி., ஐ.ஐ.டி. பக்கம் போகிற பி.சி., எம்.பி.சி. பிள்ளைகள், மத்தியப் பட்டியலிலும் அவர்கள் சாதி இருந்தால், கிரீமி லேயரில் (வசதியான பிரிவில்) வராதவர்கள் என்று சொல்லும் ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும், அதுவும் சேர்க்கை நடக்கிற ஆண்டின் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். ஆகவே ஏப்ரல் முதல் வாரத்தில் "இ-சேவை" என்று சிவப்பில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்பதாவது படிக்கிறபோதே இன்னொரு வேலை: ஆதாரில் அப்பா பெயர் முழுதாகவும், பள்ளிப் பதிவில் இனிஷியல் மட்டுமாகவும் இருக்கும். நம் ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் அச்சாகி வருவதற்குள் ஆதாரைப் பார்த்து ஒரே மாதிரி ஆக்கிவிட்டால் பின்னால் நிறைய அலைச்சல் மிச்சம்.

எல்லாம் முடிந்து கவுன்சலிங்கில் சாய்ஸ் ஃபில்லிங் என்று ஒன்று வரும், கல்லூரியையும் பிரிவையும் விருப்ப வரிசையில் அடுக்குவது. இரண்டு வருஷத்துக்கு முன் எதிர் வீட்டுப் பெண் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, தன் கட்-ஆஃபுக்குக் கிடைக்கும் என்று தோன்றியதை எல்லாம் மேலே போட்டுவிட்டு, ஆசைப்பட்டதைக் கீழே தள்ளியிருந்தாள். "மேலே போட்டுக் கிடைக்காட்டி அந்த சாய்ஸ் வேஸ்ட் ஆயிடுமே அங்கிள்" என்றாள். ஆகாது. கம்ப்யூட்டர் அவள் ரேங்க் வரும்போது பட்டியலை மேலிருந்து படிக்கிறது, முதல் வரியில் இடம் இல்லையா, இரண்டாவது, அதுவும் இல்லையா, மூன்றாவது, எங்கே இடம் இருக்கிறதோ அங்கே நின்றுவிடும். கிடைக்காததை மேலே வைத்ததற்குத் தண்டனை எதுவும் இல்லை. ஆனால் கிடைப்பதை மேலே வைத்துவிட்டால் அதற்குக் கீழே இருக்கிறதை அது படிக்கவே படிக்காது. பட்டியலை ஆசை வரிசையில் திருப்பி அடுக்கி, லாக் செய்து, பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தோம். அவளுக்குக் கிடைத்தது ஐந்தாவது சாய்ஸ். அவள் முதலில் அடுக்கியிருந்த வரிசையில் அது பத்தொன்பதாவதாக இருந்தது.